எத்தனை பேருங்க

தறிக்கு உதிரிபாகம் வாங்கப் பெங்களூர் போன அண்ணன், மூன்றாம் நாள் ஒரு துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு திரும்பி வந்தார். அவிழ்த்தால் கைப்பிடி வைத்த கனமான கண்ணாடி மக். சாப்பாட்டு மேஜையில் அதை வைத்துவிட்டு, ஏதோ சுவாமி விக்கிரகத்தைப் பார்ப்பதுபோல் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுலதான் பீர் ஊத்திக் குடுக்கறாங்க அம்மணி. பாட்டுப் போடறாங்க. டை கட்டினவன் வாரான், காலேஜ் வாத்தியார் வாரான். ஒரு சண்டை இல்ல, சத்தம் இல்ல. பப்புன்னு பேரு. கோயமுத்தூர்ல அப்படி ஒண்ணு கூட இல்ல பாத்துக்க" என்றார்.

தறிக்கு உதிரிபாகம் எங்கே என்று அண்ணி கேட்டபோது, அண்ணன் அந்த மக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் அது. எனக்கு இருபத்து மூன்று வயது. மனையியல் படிப்பை முடித்துவிட்டு ஆர்.எஸ்.புரத்தில் அண்ணன் வீட்டில் இருந்தேன். என் ஜாதகம் நாலைந்து வீடு சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த மக்கைப் பார்த்ததும் வேறு ஒன்று தோன்றியது. கோவையில் அன்று குடும்பத்தோடு வெளியே போனால் டிபன் ஹோட்டல், விட்டால் மிலிட்டரி ஹோட்டல். இரண்டிலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஆள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பான். பெண்கள் நிதானமாக உட்கார்ந்து, பேசி, சிரித்து, விதவிதமாகச் சாப்பிட ஓர் இடம் கிடையாது. "அண்ணா, கீழே நீங்க மக்கை வெச்சுக்குங்க. மேலே மாடி எனக்கு. குடும்பத்தோட வாரவங்களுக்கு" என்றேன். எங்கள் வீட்டில் அம்மாவிடம் மட்டும்தான் எனக்கு 'வா, போ'. அண்ணனோடு சண்டை என்றாலும் 'ங்க' போட்டுத்தான் போடுவேன். அன்று சண்டையே தேவைப்படவில்லை. அண்ணன் இருந்த மயக்கத்தில் மாடியென்ன, மொட்டை மாடியையும் சேர்த்துக் கொடுத்திருப்பார்.

அப்படித்தான் எங்கள் கம்பெனி பிறந்தது. பிரைவேட் லிமிடெட் என்று ஆடிட்டர் எழுதிக் கொடுத்தபோது அண்ணன் அந்தத் தாளை முகர்ந்து பார்த்தார். கூட்டாளியாக வந்தவர் அவருடைய நண்பர், பீளமேட்டில் மோட்டார் பம்பு வார்க்கும் ஃபவுண்டரிக்காரர். அவருக்கு எல்லாமே பம்புதான். ஹோட்டலைப் பற்றிப் பேசினாலும் சக்சன், டெலிவரி என்றுதான் பேசுவார். பார் லைசென்ஸோடு தூங்கிக்கொண்டிருந்த ஒரு பழைய லாட்ஜின் கீழ்த்தளத்தையும் முதல் மாடியையும் பிடித்தோம். பாரைத் தாண்டி எந்தப் பெண்ணும் மாடிக்கு வரமாட்டாள் என்று நான் பிடிவாதம் பிடிக்கவே, பக்கத்துச் சந்திலிருந்து தனிப் படிக்கட்டு வைத்தோம். கூட்டாளி அதைத் தன் ஃபவுண்டரியிலேயே இரும்பில் வார்த்துக் கொண்டுவந்து நிறுத்தினார். ஏழு யானை ஒன்றன்பின் ஒன்றாக ஏறினாலும் அசையாது. ஒரு படியைத் தூக்க நாலு ஆள் வேண்டியிருந்தது.

கோழியை அம்மா கொடுத்தாள். பல்லடத்தில் எங்களுக்குக் கோழிப்பண்ணை இருந்தது. அப்பா தறிப் பட்டறையைப் பார்த்துக்கொண்டார், பண்ணை முழுக்க அம்மாவின் ராஜ்ஜியம். தீவன வியாபாரிகள் அவள் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பேசுவார்கள். நானும் அண்ணனும் போய்க் கம்பெனி விஷயத்தைச் சொன்னபோது, பாதிக் கதையிலேயே "கோழி வேணும்னா அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அவ்வளவுதான். அதற்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் இரண்டு பேரும் வழியெல்லாம் யோசித்து, பார் வைப்பது பிடிக்கவில்லை என்று முடிவு கட்டினோம். அண்ணன் கொஞ்சம் வாடித்தான் போனார். ஆனால் சொன்னபடி தினமும் காலையில் கோழி வேன் வந்தது.

திறப்பதற்கு முன்னால் இருந்த அந்த இரண்டு மாதம்! இன்று நினைத்தாலும் எனக்கு மூச்சு வாங்குகிறது. பன்னிரண்டு மேஜை, ஒரு மீன் தொட்டி, பச்சை நிறத் திரைச்சீலை. கேசட்டில் வெறும் வீணை. காலிஃபிளவர் மஞ்சூரியன், பள்ளிபாளையம் சிக்கன், ஃபிரைடு ரைஸ். எல்லாவற்றுக்கும் மேலே சிஸ்லர். இரும்புத் தட்டில் புகையோடும் சத்தத்தோடும் வருமே, அதேதான். கோவையில் நாங்கள்தான் முதல் என்று நானே முடிவு செய்துகொண்டேன். இல்லை என்று சொல்ல யாரும் இல்லை. சமையலுக்கு மாஸ்டர் ஒருவர் வந்து சேர்ந்தார். மாடிக்குத் தலைமை சர்வராக வெள்ளகோவில்காரர் ஒருவர். நாற்பது வயதிருக்கும், மெஸ்ஸில் இலை போட்டுப் பரிமாறிப் பழகியவர்.

அவருக்கு நான்தான் பயிற்சி கொடுத்தேன். தட்டு வாங்கப் பெங்களூர் போயிருந்தபோது ஒரு பெரிய ஹோட்டலுக்கு அண்ணன் கூட்டிப்போயிருந்தார். வாசலில் கோட்டுப் போட்ட ஒருவர் குனிந்து, எத்தனை பேர் என்று விசாரித்து, நாற்காலியை இழுத்து உட்கார வைத்தார். நான் சொக்கிப்போய்விட்டேன். ஸ்டைல் என்றால் அதுதான் ஸ்டைல். ஊருக்கு வந்ததும் வராததுமாக வெள்ளகோவில்காரரைப் படிக்கட்டின் தலையில் நிற்க வைத்து, நான் கீழேயிருந்து ஏறி ஏறி வந்து ஒரு வாரம் ஒத்திகை பார்த்தேன். "குட் ஈவினிங். எத்தனை பேருங்க?" இதுதான் அவர் சொல்ல வேண்டியது. நம்மூர் மரியாதை குறையக்கூடாது என்று 'ங்க' சேர்த்தது என் சொந்த மூளை.

ஒத்திகையின் முதல் நாளே அவர் தயங்கினார். "அப்படிக் கேக்கலாமுங்களா அம்மணி?"

"பெங்களூர்ல அப்படித்தானுங்க கேக்கறாங்க" என்றேன் வெடுக்கென்று. அவர் படிக்கட்டின் தலைக்குப் போய் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார்.

திறந்தோம். கீழே பப்பில் முதல் வாரமே இடமில்லை. அண்ணனும் கூட்டாளியும் மக்குகளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பதும் துடைப்பதுமாகப் புதுமாப்பிள்ளைகள்போல் திரிந்தார்கள். மாடிக்கும் ஆள் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். கீழே இருந்து பாத்ரூம் தேடி வந்தவர்கள் அவர்கள். குடும்பங்கள் சந்து வரைக்கும் வரும். படியேறும். மேலே வந்து நிற்கும். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, "இல்லீங்க, சும்மா பாக்க வந்தோமுங்க" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போய்விடும். அந்தச் சிரிப்பில் கோபம் துளியும் தெரியாது. அதுதான் என்னைக் கொன்றது. திட்டிவிட்டுப் போயிருந்தால் காரணமாவது தெரிந்திருக்கும்.

நான் பாரைத்தான் பழி சொன்னேன். கீழேயிருந்து வரும் பாட்டுச் சத்தம், சிகரெட் வாசம், ஊர் வாய். அண்ணனோடு தினம் ஒரு சண்டை. ஒரு மாதம் பார்த்தார். பிறகு ஒரு நாள் கூட்டாளியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டார்.

"தீபாவளி வரைக்கும் பாக்கறேன் கண்ணு. அப்பறம் மாடியும் பப்புதான். ஆசாரிகிட்டச் சொல்லியாச்சு, கவுண்டர் மேசைக்கு அளவெடுக்கறான். நீ ஊட்டுக்குப் போயி நிம்மதியா இரு, நல்ல எடமா பாத்துக் கட்டி வெக்கறோம்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. கோவையில் பெண்கள் சாப்பிட ஓர் இடம் வேண்டாமா, இந்த மாடிக்கு ஒரு குடும்பம்கூட வராது என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கத்தினேன். அண்ணனும் விடவில்லை. "ஊர்ப் பொம்பளைங்கள விடு. நம்மம்மாவக் கூட்டிட்டு வா பாக்கலாம். அம்மா மட்டும் இந்தப் படியேறி வரட்டும், நான் மாடியத் தொட மாட்டேன். சத்தியமாச் சொல்றேன்." கேலியாகத்தான் சொன்னார். பார் இருக்கும் கட்டடத்தில் அம்மா கால் வைக்கமாட்டாள் என்பதில் எங்கள் இருவருக்குமே சந்தேகம் இல்லை. ஆனால் கூட்டாளி சாட்சியாக இருந்தார். சொன்ன சொல்லை அண்ணன் மாற்றமாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

அதற்கு அடுத்த வாரம்தான் கோழி வேன் டிரைவர் வாயைத் திறந்தார். காலையில் கூண்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழட்டும் என்றே நான் மாஸ்டரிடம் புலம்பினேன், பெற்ற தாயே எட்டிப் பார்க்காத கடைக்கு ஊரார் எப்படி வருவார்கள் என்று.

டிரைவர் கூண்டைக் கீழே வைத்தார். "ஏனுங்க அம்மணி, அம்மாதான் வந்தாங்களே."

"எப்பங்க?"

"கடை தொறந்த ரெண்டாவது ஞாயித்துக்கெழம. என்ற வண்டியிலதானுங்க வந்தாங்க, சித்தியும் பக்கத்துத் தோட்டத்துக்காரம்மாவும் கூட. பட்டுச் சீலை கட்டிக்கிட்டு வந்தாங்க. நீங்க அன்னிக்கு மறுபடி ஏதோ தட்டு எடுக்கப் போயிருந்தீங்களாமா, மேல நின்னவருக்கு அவங்க ஆருன்னு தெரியல. மேல போனவங்க அஞ்சே நிமிசத்துல எறங்கிப்போட்டாங்க."

"என்ன சொன்னாங்க?"

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "வண்டியில ஏறி உக்காந்துபோட்டு, 'சோத்துக்கு வந்தவங்களத் தலை எண்ணறா எம் பொண்ணு'ன்னாங்க."

எங்கள் ஊரில் யார் வீட்டுக்கு யார் போனாலும் வாசலிலேயே முகத்தைப் பார்த்து 'வாங்க' என்று கேட்பார்கள்; வரவேற்பதை எங்கள் பக்கம் 'கேட்பது' என்றுதான் சொல்வோம். போனவர் 'வந்தேனுங்க' என்பார். அதற்குப் பிறகு ஒரு சொம்புத் தண்ணீர். அதற்குப் பிறகுதான் மற்ற பேச்செல்லாம். ஒரு 'வாங்க' கேட்காததற்காகப் பத்து வருடம் பேசாமல் இருந்த பங்காளிகள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. சாப்பிட வந்தவர்களை எண்ணுவதோ, அதைவிட மோசம். பந்தியில் உட்கார்ந்தவர்களை விரல் நீட்டி எண்ணினால் பெரியவர்கள் கையைத் தட்டிவிடுவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து தெரியும். தெரிந்தும், ஒரு கோட்டுக்காரரைப் பார்த்த மயக்கத்தில், 'வாங்க'வைத் தூக்கிப் போட்டுவிட்டு எத்தனை பேருங்க என்று கேட்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதுவும் என் அம்மாவிடம். வெட்கத்தில் காது சுட்டது.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வெட்கம் கால் மணி நேரம்கூட நிற்கவில்லை. அதன்பின் வந்தது சந்தோஷம், குதிக்கிற மாதிரிச் சந்தோஷம். அம்மா வந்திருக்கிறாள்! பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, பார் இருப்பது தெரிந்தே வந்திருக்கிறாள். குற்றம் பாரில் இல்லை. பாரைப் பெயர்த்தெடுக்க என்னால் முடியாது, வாயை மாற்றிக்கொள்ள முடியும். நான் ஓடிப்போய் வெள்ளகோவில்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர், "நான் அன்னைக்கே நெனச்சனுங்க" என்று மட்டும் சொன்னார்.

மாஸ்டர்தான் முரண்டு பிடித்தார். எத்தனை பேர் என்று தெரியாமல் எப்படி அடுப்பைப் பார்ப்பது? வெள்ளகோவில்காரர் வழி சொன்னார். "ஆளை எண்ண வேண்டாமுங்க. தட்டத்துல இருபது டம்ளர் தண்ணி எடுத்துட்டுப் போறேன். உக்காந்தவங்களுக்கெல்லாம் வெச்சுப்போட்டு வாரேன். மீதி டம்ளரை எண்ணிக்குங்க." அன்று மாடியில் ஆரம்பித்த இந்தப் பழக்கம், பிற்பாடு ஈரோட்டிலும் திருப்பூரிலும் திறந்த எங்கள் கிளைகளிலும் கம்பெனிச் சட்டமாகவே ஆகிவிட்டது. கேட்டரிங் படித்துவிட்டு வேலைக்கு வரும் பையன்கள் முதலில் சிரிப்பார்கள். ஒரு வாரத்தில் அவர்களும் டம்ளரைத்தான் எண்ணுவார்கள்.

அடுத்த சண்டை, யார் 'வாங்க' கேட்பது என்பதில். குடும்பத்தோடு வருகிற பெண்களை வீட்டுப் பெண் ஒருத்தி கேட்டால்தான் அது 'வாங்க'. நான்தான் நிற்பேன் என்றேன். அண்ணன் எகிறினார்.

"நம்மூட்டுப் பொண்ணு பாருக்கு மேல நின்னு போறவன வாரவன வாங்கன்னு கேக்கறதா? ஜாதகம் பாக்கறவன் என்ன நெனப்பான்?"

"அவன் வந்தாலும் வாங்கன்னு கேக்கறேனுங்க" என்றேன்.

கூட்டாளிதான் நடுவில் வந்தார். "நீ சும்மா இருப்பா. புதுப் பம்புல முதல்ல நாமதான் ரெண்டு குடம் தண்ணி ஊத்தணும். அப்பறந்தான் அது இழுக்கும். பொண்ணு சொல்றது சரிதான்." பம்பு விஷயத்தில் அவர் சொன்னால் அண்ணனிடம் மறு பேச்சு கிடையாது.

அந்த ஞாயிறு மதியம் படிக்கட்டின் தலையில் கைத்தறிப் புடவையோடு நின்றேன். ஒரு வேனில் வந்த பெரிய குடும்பம் சந்தில் இறங்கித் தயங்கியது. "வாங்க, வாங்க" என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. முன்னால் வந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்து, "வந்தோமுங்க" என்றார். அவ்வளவுதான், மொத்தப் பேரும் தடதடவென்று ஏறி வந்தார்கள். இரண்டு மேஜையைச் சேர்த்துப் போட்டோம். டம்ளர் கணக்கில் பதினான்கு. நான் ஆசையாக வைத்திருந்த சிஸ்லரை அனுப்பச் சொன்னேன். புகையும் சத்தமுமாக அது வந்து இறங்கியதும், அந்த அம்மாள் "அய்யோ, பத்திக்கிச்சு!" என்று தன் டம்ளர் தண்ணீரை அதன்மேல் ஊற்றிவிட்டார். குபீரென்று மேஜை முழுக்க ஆவி. பதினான்கு பேரும் ஒரு நொடி திகைத்து, பிறகு சிரித்த சிரிப்பில் கீழே பப்பிலிருந்து ஆட்கள் சந்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். இன்னொரு சிஸ்லர் கொண்டுவரச் சொன்னேன். அதற்கும் ஊற்றத் தயாராக டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அவர்.

அதன்பிறகு கூட்டம் வந்தது. ஒரு குடும்பம் இன்னொன்றிடம் சொல்லி, ஞாயிறு மதியம் பன்னிரண்டு மேஜையும் நிறைந்தது. இருந்தும் அண்ணன் அசையவில்லை. புதுசுக்கு நாலு வாரம் வருவார்கள் என்றார். அம்மா முன்பே ஒரு தடவை ஏறி வந்ததைச் சொன்னால், அஞ்சு நிமிசத்தில் இறங்கிப் போனதெல்லாம் கணக்கில்லை, நான் சத்தியம் செய்த பிறகு வந்தாளா என்று அதையே கேட்டார். ஆசாரி வரும் நாளையும் குறித்துவிட்டார்.

நான் பல்லடம் போனேன். அம்மா முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் உட்கார்ந்து நானும் அடுக்கினேன்.

"கடைக்கு வந்தயாமே, ஏம்மா சொல்லல?"

"என்னன்னு சொல்றது? எங்களத் தலை எண்ணிப்போட்டாங்கன்னா?"

"அது நான் சொல்லிக் குடுத்ததும்மா."

"தெரியும். அந்த மனுசன் நடுங்கிக்கிட்டேதான கேட்டாரு" என்றாள். ஒரு முட்டையைப் பார்த்து, ஓட்டில் கீறல் என்று தனியே வைத்தாள்.

"இப்ப மாத்தியாச்சும்மா. தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கெழம வா. நீ வல்லீன்னா மாடிய எடுத்துப்போடுவாங்க." எனக்கு அந்த மாடி வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கல்யாணம்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

"பாக்கலாம், போ" என்றாள். அம்மாவின் அகராதியில் அதற்கு ஆமாம் என்றும் அர்த்தம் உண்டு, இல்லை என்றும் உண்டு.

அந்த ஞாயிறு பன்னிரண்டு மணிக்கே மாடி நிறைந்துவிட்டது. நான் யாரைப் பார்த்து என்ன சொன்னேன் என்றே நினைவில்லை, கண் சந்திலேயே இருந்தது. அண்ணனும் கூட்டாளியும் கீழே பாரின் பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு மணி ஆனது. ஒன்றரை ஆனது. அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்துக் கையை விரித்தார். எனக்கு அழுகை முட்டியது.

அப்போது கோழி வேன் சந்துக்குள் திரும்பியது. முன் சீட்டிலிருந்து அம்மா இறங்கினாள். அதே பட்டுச் சேலை. பின்னால் சித்தி, பக்கத்துத் தோட்டத்து அம்மாள். நேராகப் படிக்கட்டின் அடியில் வந்து நின்றாள்.

"வாம்மா! வா, வா" என்று மேலிருந்து கூவினேன்.

அம்மா நகரவில்லை. சித்தி முழங்கையால் இடித்தும் நகரவில்லை. கைப்பிடிக் கம்பியின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கீழே அண்ணனின் முகம் மாறியது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இவ்வளவு தூரம் வந்தவள் ஏன் நிற்கிறாள்?

பிறகு புரிந்தது. 'வா' என்பது அவள் வீட்டில், அவள் பெண்ணாக நான் சொல்வது. அங்கே வந்தவர்களை வாங்க என்று கேட்பவள் அவள். இது அவள் வீடு இல்லை, என் கடை. பெற்ற தாயை நான் அதுவரை ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை. நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நாலு படி இறங்கினேன்.

"வாங்க" என்றேன்.

"வந்தேனுங்க அம்மணி" என்று என் அம்மா என்னிடம் சொல்லிவிட்டு, முதல் படியில் கால் வைத்தாள்.